உருவிப் பார்த்த வயர்

கதவைப் பூட்டினால் மறுபடி மறுபடி இழுத்துப் பார்ப்பார். அதனால் ஆஸ்பத்திரியில் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் அவருக்கு 'இழுத்துப்பார்' என்றே பெயர். மனைவி இன்னும் ஒரு படி மேலே போவாள். "பால்ல தண்ணி இருக்கானு பாக்கறவரு இல்ல, தண்ணியிலயே தண்ணி கலந்திருக்கானு பாக்கறவரு!"

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். போன வருஷம் ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் டிஸ்க்குகள் அடுக்கிய அலமாரி பழுதாகிப் படுத்துவிட்டது. நகல் பத்திரமாக இருக்கிறது என்று ஆளாளுக்குச் சத்தியம் செய்தார்கள். திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை. குழந்தையின் பழைய படங்களைக் கேட்டு வந்த ஒரு அப்பாவிடம் "இல்லைங்க" என்று சொல்ல வேண்டியவர் இவராகிப் போனார். அன்று முதல் சர்வர் அறையின் பச்சை விளக்கைக்கூட அவர் நம்புவதில்லை.

இப்போது படங்களைத் தானாகவே நகலெடுத்து வைக்கும் பேக்கப் மென்பொருள் வரப்போகிறது. அதற்கான புது சர்வரைத் தயார் செய்ய வந்தவர் சொந்தத் தங்கையின் கணவர். இவர் 'சரி' என்றால்தான் மென்பொருளை ஏற்ற முடியும்.

"எல்லாம் பக்கா மச்சான். கடிகாரம் சரி, பாஸ்வேர்டு சரி, இடம் தாராளம்."

ஒவ்வொன்றாகப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அதுவே அவரை உறுத்தியது. மாப்பிள்ளை ஏன் தேவைக்கு மேல் சிரிக்கிறார்? இந்த ஒல்லிப் பெட்டிக்குள் இவ்வளவு இடம் எங்கிருந்து வந்தது?

சர்வரின் பின்னால் குனிந்தார். தடித்த வயர் ஒன்று ஸ்கேன் படங்கள் இருக்கும் அலமாரிக்கே போனது.

"இது எதுக்கு மாப்ளே?"

"படத்தை எடுக்க வேணாமா மச்சான்?"

"அப்ப இதை உருவினாலும் நகல் டிஸ்க் அப்படியே நிக்கணுமே. உருவிப் பாக்கலாம்."

"நான்தான் சொல்றேனே..."

உருவினார். நகல் வைக்க வேண்டிய டிஸ்க் திரையிலிருந்து காணாமல் போனது. மாப்பிள்ளையின் முகம் வெளிறியது.

"புது டிஸ்க் இன்னும் வரல மச்சான். அதுவரைக்கும் அலமாரியிலயே கொஞ்சம் இடம் பிரிச்சேன். வந்ததும் மாத்திடலாம்னு..."

"அதுக்குள்ள அலமாரி படுத்துட்டா? வீட்டுச் சாவியையும் மாத்துச் சாவியையும் ஒரே வளையத்துல கோத்துக் குடுக்கறீங்களே மாப்ளே!"

பெரிய டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். வேலை தள்ளிப்போனது. சாயங்காலம் தங்கை போன் செய்தாள். "அவரு சாப்பிடாம உக்காந்திருக்காரு. வீட்டு ஆளைக்கூடவா அண்ணா நம்ப மாட்ட?"

தப்பு அங்கே, பழி இங்கே. அவருக்கு எரிச்சலாக வந்தது. அதைவிட அதிகமாக வலித்தது.

புது டிஸ்க்குகள் வந்து சேர்ந்ததும் மாப்பிள்ளையே அந்த வயரை உருவிக் காட்டினார். இந்த முறை நகல் டிஸ்க் அசையாமல் நின்றது. இவருக்கு வந்த சந்தோஷத்தில் மாப்பிள்ளையின் தோளைத் தட்டக் கை நீட்டினார்.

"இப்ப ஏத்தலாமா, சார்?"

நீட்டிய கை பாதியில் நின்றது. "ஏத்துங்க மாப்ளே" என்றார். ஒரு தடவையாவது 'மச்சான்' வருமா என்று பக்கத்திலேயே காத்திருந்தார். மென்பொருள் ஏறி முடியும்வரை மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை.