குதிரையிலிருந்து இறங்கியவர்

நான் பொய் சொன்னேன். வாய்தவறி அல்ல, அச்சடித்து, அட்டை போட்டு, என் தந்தையைச் சாட்சியாக நிறுத்திச் சொன்னேன்!

'வீராணம் ஏரியை வெட்டிய சோழப் படையில் எங்கள் முன்னோர் ஒருவர் தலைவராக இருந்தார். தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட இக்கதை, என் தந்தை வழியாக என்னிடம் வந்தது.' என் நாவலின் முன்னுரையில் உள்ள வரி இது. நீங்கள் அதைப் படித்திருந்தால் நம்பியிருப்பீர்கள். என் தந்தை எனக்கு எந்தக் கதையும் சொன்னதில்லை. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுப் படுத்தால், அடுத்த ஷிப்டுக்குத்தான் எழுந்திருப்பார்.

ஏன் சொன்னேன்? நெய்வேலிச் சுரங்க டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்குப் புரியும். எங்கள் பிளாக்கில் எல்லோரும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தவர்கள். 'உங்களுக்கு எந்த ஊரு?' என்பதுதான் அங்கே முதல் கேள்வி. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தால், ஒருத்தியின் தாத்தா வீட்டு வாசலில் யானை நிற்கும். இன்னொருத்தியின் தாத்தாவைக் கேட்காமல் அவர்கள் ஊரில் தேர் நகராது. போய்ப் பார்த்து வந்தவர் யார்? என் ஊரோ பக்கத்திலேயே இருந்து தொலைத்தது. சேத்தியாத்தோப்புக்கு அந்தப் பக்கம். அங்கே எங்களுக்குக் கால் வைக்கச் சொந்த வரப்புகூட இல்லை. பாட்டனும் பூட்டனும் பிறர் வயலில் நாற்றுப் பறித்தவர்கள்.

ஒருநாள் வரலாற்று வகுப்பில் ஆசிரியை சொன்னார். போர் வரும்வரை படை சும்மா இருக்க வேண்டாமென்று, சோழ இளவரசன் வீரர்களைக் கொண்டே வீராணம் ஏரியை வெட்டினானாம். எங்கள் ஊர்ப் பக்கத்து ஏரி! சட்டென்று எழுந்து நின்றேன்.

"மிஸ், அந்தப் படைக்கு எங்க முன்னோருதான் தலைவரு!"

வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. ஆகா... அந்தப் பார்வையின் ருசி இருக்கிறதே!

பிறகு அந்த முன்னோருக்கு ஒரு வெள்ளைக் குதிரை கொடுத்தேன். வாள் கொடுத்தேன். கல்லூரிக்குப் போனதும் ஒரு காதலியையும் கொடுத்தேன். வங்கி வேலை, கல்யாணம், குழந்தை எல்லாவற்றுக்கும் நடுவே கல்வெட்டுப் புத்தகங்களைத் தேடிப் படித்து, வருடக்கணக்கில் எழுதி, தலைக்கு வைத்துப் படுக்கும் அளவுக்குத் தடித்த நாவலாக்கினேன். அந்த வகுப்பறைப் பொய்யையே முன்னுரையாகவும் வைத்தேன்.

ஏரி வெட்டும் அத்தியாயத்தில் மண் சுமந்தவர்களில் ஒருவருக்கும் நான் பெயர் வைக்கவில்லை. என் தந்தையோ சுரங்கத்தில் மண்ணைச் சுமந்து ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாரி வாரி மேலே போட்டவர். வெகுகாலம் காண்ட்ராக்டில் கிடந்து, பிறகுதான் பர்மனன்ட் ஆனார். அவர் வாரிய மண்ணில்தான் நான் படித்தேன். எழுதும்போது இது எனக்கு உறைக்கவில்லையா என்று கேட்பீர்கள். உறைத்தது! அதனால்தான் குதிரை.

வெளியீட்டு விழா டவுன்ஷிப்பிலேயே நடந்தது. அப்பா வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். இவ்வளவு பெரிய புத்தகத்தை எங்கே பிரிக்கப்போகிறார் என்ற தைரியம் எனக்கு. ஆனால் பேச வந்தவர்கள் எல்லோரும் அந்த முன்னுரையையும் வெள்ளைக் குதிரையையும்தான் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் தொகுப்பாளர் கீழே இறங்கிப் போய், "ஐயா, அந்தக் கதையை உங்க வாயாலயே கேட்கணும்" என்று மைக்கை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டார்.

அப்பா எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரியாது. டியூட்டிக்குத் தாமதமானால் 'பஸ் வரலை' என்று சொல்லக்கூடத் தெரியாமல், 'தூங்கிட்டேங்க' என்று சொல்லித் திட்டு வாங்கிய மனிதர். 'எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க' என்று சொல்லிவிட்டால்? அத்தனை பேர் நடுவில்... நான் தொலைந்தேன்!

அப்பா என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க அப்பாரு சொல்லுவாருங்க... ஏரி வெட்டிகினு இருக்கச்சொல்ல ஒரே மழ. கரை ஒடையற மாரி ஆயிடுச்சி. ஆளு பத்தல. குதிர மேல இருந்தவரு பார்த்தாரு. கீழ எறங்கிட்டாரு. குதிரய ஓரமாக் கட்டிட்டு, கூடையத் தூக்கித் தலையில வச்சிகினு, எல்லாரோடயும் சேந்து மண்ணு சொமந்தாரு. மழ வுடற மட்டும் சொமந்தாருங்க. அவ்ளோதாங்க கத."

மண்டபம் கைதட்டியது. என் நாவலில் அந்தப் படைத்தலைவர் சாகும்போதுதான் குதிரையைவிட்டுக் கீழே விழுவார்!

வீடு திரும்பும்போது, ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்தபடி அப்பா கேட்டார்: "நல்லா சொன்னனாம்மா?"

"நல்லா சொன்னப்பா... அது எங்கேருந்துப்பா வந்துச்சு? மைன்ஸ்ல யாராவது அப்படி எறங்கினாங்களா?"

"எவன் எறங்குனான்? எங்க மேஸ்திரி மேலயே நின்னுகினு கத்துவான். கதையிலயாச்சும் ஒருத்தரு எறங்கட்டுமேன்னு சொன்னேன்."

நான் ஏன் பொய் சொன்னேன் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். வழியில் பழக்கடையில் நிறுத்தச் சொல்லி, என் மகளுக்குக் கொய்யா வாங்கிக்கொண்டார்.

இத்தோடு விட்டேனா? இரண்டாம் பதிப்பில் அவர் சொன்னதை அப்படியே ஓர் அத்தியாயமாக்கிவிட்டேன்! படித்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில்தான் அழுததாகச் சொல்கிறார்கள். நானும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். ஒரு பொய்யிலிருந்து என்னைக் காப்பாற்ற வந்த மனிதரிடமிருந்தே திருடினேன் என்பதை வேறு எப்படிச் சொல்வது?

மூன்றாம் பதிப்பு வரும் சமயம் மனம் தாளவில்லை. ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின் அவர் வடலூரில் இருக்கிறார். போய்ச் சொன்னேன்: "முன்னுரைய மாத்திடறேம்ப்பா. நானா கட்டுன கதைன்னு எழுதிடறேன்."

பதறிப்போனார். "ஐயையோ, வாணாம்மா! டீக்கடையில அத்தினி பேருகிட்ட சொல்லிகினு இருக்கேன். நான் பொய்யி சொன்னேன்னு ஆயிடாதா?"

நான் என்ன செய்ய? உண்மையை எழுதினால் அவர் பொய்யராகிறார். எழுதாவிட்டால் நான் பொய்க்காரி. அந்த வரி மூன்றாம் பதிப்பிலும் அப்படியே இருக்கிறது. இங்கே உங்களிடம் மட்டும் சொல்கிறேன்... இதெல்லாம் அவர் கண்ணில் படாது என்ற பழைய தைரியத்தில்தான், வேறென்ன!

அப்பாவுக்கு நான் நன்றிக்கடன்பட்டவள். படிக்க வைத்ததற்கு, அன்று மண்டபத்தில் என்னைக் கைவிடாததற்கு, அதைவிட, வெறும் வாளும் மீசையுமாக நான் செய்து வைத்திருந்த பொம்மையை ஒரு மனிதனாக்கித் தந்ததற்கு. நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது. நிறையும்போதே வலிக்கவும் செய்கிறது.

வடலூர்ப் பக்கம் போனால், பஸ் நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் அவர் இருப்பார். 'எந்த ஊருங்க?' என்று அவரே ஆரம்பிப்பார். முழுக்கதையையும் கேளுங்கள். இதைப் படித்ததாக மட்டும் காட்டிக்கொள்ளாதீர்கள்.

போன வாரம் நானே போயிருந்தேன். பெஞ்சில் யாரோ புதியவர். அப்பா எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கதையின் முடிவுக்கு வந்திருந்தார். நான் அதுவரை கேட்டிராத முடிவு.

"அந்தத் தலைவருக்கு ஒரு பொண்ணு இருந்துதுங்க. அவுரு செஞ்சது எல்லாத்தயும் அதுதான் எழுதி வச்சிது. ஒரு வார்த்த கூட்டிக் கொறைக்காதுங்க அந்தப் பொண்ணு."

திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "வாம்மா!" என்று நகர்ந்து இடம் விட்டு, எனக்கும் ஒரு டீ சொன்னார்.

உட்கார்ந்து குடித்தேன்.