சவ்வு வேகமாக ஓடுமா?

சவ்வு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிச்சல் வரும். இரண்டாயிரத்துகளின் நடுவில், புதுச்சேரியில் ஒரு கல்லூரியில், நான் ஆராய்ச்சி செய்தது சவ்வுக் கணினியைப் பற்றி. உயிருள்ள செல்லைப் பார்த்துக் கற்பனை செய்த கணினி அது, காகிதத்தில் மட்டுமே இருந்தது. சவ்வால் ஆன அறைகள். தேவைப்பட்டால் ஓர் அறை இரண்டாகப் பிரியும்.

வேலை பார்த்த மில்லை மூடியபிறகு அப்பா புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தார். நான் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வந்தால் விரிவுரையாளர் வேலை தருவதாக ஒரு தனியார் கல்லூரி சொல்லியிருந்தது. ஆய்வேட்டைக் கொடுக்க என் நெறியாளரின் கையெழுத்து வேண்டும். எங்கள் வீடே அந்தக் கையெழுத்துக்காகக் காத்துக்கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவர் என்னைப் பொதுமக்களுக்குத் தமிழில் ஓர் உரை நிகழ்த்தச் சொன்னார். எழுதிக்கொண்டு போனேன். ஒரு பத்தியை அடித்துவிட்டார்.

"ஏம்மா, வேகத்த மட்டும் சொல்லு. எவ்ளோ எடம் புடிக்கும்னு யாரு கேட்டா?"

"மறைச்சா பொய்யாயிடும் சார்."

"பொய் இல்லம்மா, பிரசன்டேஷன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

மேடையில் கல்யாணத்துக்கு ஆள் அழைப்பதை உதாரணமாகச் சொன்னேன். பெரிய மாமா வந்தால் சித்தப்பா வரமாட்டார். சித்தப்பா வராவிட்டால் அத்தை முறுக்கிக்கொள்வாள். இப்படி இருபது பேர். சண்டை வராமல் யார் யாரை அழைக்கலாம்? சாதாரணக் கணினி ஒவ்வொரு சேர்க்கையாகப் போட்டுப் பார்க்கும். ஓர் ஆள் கூடினால் வேலை இரட்டிப்பாகும். சவ்வுக் கணினியோ அறையை இரண்டாக்கும், மாமா வரும் அறை, வராத அறை என்று. ஒவ்வொருவருக்கும் இப்படியே பிரிந்து, கடைசியில் எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் சரிபார்க்கும். ஓர் ஆள் கூடினால் கொஞ்சம்தான் கூடுதல் நேரம்.

பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். "ஒரு வேலை முடியலன்னா சவ்வு மாதிரி இழுக்குதுன்னுதான சொல்லுவோம்? சவ்வு எங்கம்மா வேகமா ஓடும்?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். முன்வரிசையில் இருந்த நெறியாளர் மேடையேறி மைக்கை வாங்கினார். "இது வேகமான சவ்வும்மா. எவ்ளோ கஷ்டமான கணக்கும் சட்டுனு முடிஞ்சிடும். எந்தச் செலவும் கெடையாது."

எந்தச் செலவும் கிடையாதாம்! எனக்குத் தலைக்கேறிவிட்டது. மைக்கைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்பதுதான் சரியான சொல்.

"செலவு இருக்குங்க. கல்யாணத்த சட்டுனு முடிச்சிடலாம். ஆனா ஒவ்வொரு அறையும் ஒரு மண்டபம்னா, இருவது பேருக்குப் பத்து லட்சம் மண்டபம் வேணும். இன்னொருத்தர சேத்தா இருவது லட்சம். நேரத்துல மிச்சம் புடிச்சத எடத்துல கொட்டிக் குடுக்கறோம், அவ்ளோதான்."

கைதட்டினார்கள். எழுந்த அம்மா "அப்டி சொல்லு" என்று தலையாட்டினார். நெறியாளர் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் அறைக்குக் கூப்பிட்டார். "அந்த மண்டபத்த தீசிஸ்லேர்ந்து எடுத்துட்டு வா. அப்பவே கையெழுத்து போடறேன்."

தப்பு என்று அவர் சொல்லவில்லை. தப்பு என்று சொல்லியிருந்தால் உட்கார்ந்து வாதாடியிருப்பேன். அது உண்மை என்று தெரிந்தே எடுக்கச் சொன்னார். அந்த உதாரணம் உரைக்காக வந்தது. ஆய்வேட்டில் அதே விஷயம் ஒரு முழு அத்தியாயமாக, நிரூபணத்தோடு இருந்தது. என் ஆராய்ச்சியில் உருப்படியான பகுதியே அதுதான். நான் எடுக்கவில்லை. 

அடுத்த வாரம் பார்க்கலாம், வெளியூர் போகிறேன், இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று அவர் ஓட்டிக்கொண்டே போனார். தனியார் கல்லூரி வேறொருவரை எடுத்துக்கொண்டது. அப்பாவுக்கு இரவு ஷிப்ட் தொடர்ந்தது. பிறகு துறையில் சண்டை போட்டு, நெறியாளரை மாற்றிக்கொண்டு, அந்த அத்தியாயத்தோடுதான் பட்டம் வாங்கினேன்.

ஆனால் வேலை கைவிட்டுப்போன அன்று, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து அம்மா கேட்டாள்: "இன்னாடி இது, உன் படிப்பு சவ்வு மாதிரி இழுத்துக்கினே போவுது?"

சட்டென்று முடியும், செலவே இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.