இடது பெட்டியில் ஒரு குறை

போன வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மதுரை ஆனையூரில் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் ஒரு பொய் சொன்னேன். பழைய பொருள் வாங்கப் போகிற இடத்தில் எல்லோரும் சொல்கிற பொய்தான். ஆனாலும் அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

எனக்கு ஆங்கில ராக் பாட்டு என்றால் உயிர். அதிலும் எழுபதுகளில் வந்தவை, அதாவது நான் பிறப்பதற்கு முன்னால் வந்தவை. கல்லூரி ஹாஸ்டலில் தொற்றிக்கொண்ட பழக்கம், இன்னும் விடவில்லை. விளாங்குடியில் எங்கள் வீட்டில் இதற்குக் கூட்டாளி யாரும் கிடையாது. "யாரையோ போட்டு அடிக்கிற மாதிரியே இருக்கு" என்பது என் மனைவியின் விமர்சனம். அதனால் செல்போனும் இயர்போனுமாகவே காலம் ஓடியது. மாடியில் ஒரு அறை கட்டிய பிறகுதான், நல்ல ஸ்பீக்கர் வைத்து ஆசை தீரக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

கடை கடையாக ஏறினேன். எந்தக் கடையில் கேட்டாலும் முதலில் ஒரு குத்துப்பாட்டைப் போட்டு, "பேஸ் எப்படி சார்?" என்பார்கள். நெஞ்சாங்கூட்டில் தம்தம் என்று விழும். நான் கொண்டுபோன பாட்டைப் போடச் சொன்னால் அந்த அடி மட்டும் இருக்கும், கிட்டார் காணாமல் போயிருக்கும், பாடுகிறவர் போர்வைக்குள்ளிருந்து பாடுவார். டிவிக்குக் கீழே வைக்கிற நீளமான ஸ்பீக்கர்களும் அப்படித்தான். எனக்கு வேண்டியது இடது, வலது என்று தனித்தனியாக நிற்கிற இரண்டு பெட்டிகள். ஒரு கிட்டார் இந்தப் பக்கமும் இன்னொன்று அந்தப் பக்கமும் நிற்க வேண்டும். டிரம்ஸில் இருக்கும் சிம்பல் என்ற பித்தளைத் தட்டை அடித்தால் அந்த ஒலி சிதறாமல் மேலே போய் மெல்ல அடங்க வேண்டும்.

"பொண்ணு பாக்கக்கூட நீங்க இம்புட்டு வீடு ஏறி எறங்கல" என்றாள் மனைவி. உண்மைதான்.

அப்படி அலைந்துகொண்டிருந்தபோதுதான் இணையத்தில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. பழைய பெட்டிகள், கூடவே ஆம்ப்ளிபயர், இடம் ஆனையூர். போன் செய்தேன். எடுத்தவர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். விலையைப் பற்றிப் பேசாமல், நான் என்ன பாட்டுக் கேட்பேன் என்று விசாரித்தார். சொன்னேன். சிரித்துக்கொண்டே, "ஞாயித்துக்கெழம வந்துருங்க தம்பி. வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றார்.

கிளம்பும்போது என் நண்பன் பாடம் எடுத்தான். அவன் பழைய கார், பைக் வாங்கி விற்பவன். "மாப்ள, பிடிச்சிருந்தாலும் பல்லக் காட்டிறாத. நல்லாருக்குன்னு வாயத் தொறந்த, வெல எறங்காது. எதாச்சும் ஒரு நொட்டையச் சொல்லு." எங்கள் ஊரில் இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. கத்திரிக்காய் வாங்கும்போதே சொத்தை என்று சொல்லித்தானே பழக்கம்.

ஆனையூர் வீட்டு முன்னறையில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டிகள் நின்றன. தூசி துளி இல்லை. அவர் மனைவி காபி கொண்டுவந்தார். பெரியவர் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, பெட்டிகளைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். விற்கிறவர் அப்படித்தான் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டு தொடங்கியதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு. அதற்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் நான் முகத்தைச் சுளித்தேன்.

"அண்ணே, இடது பக்கம் மேல் சத்தம் கொஞ்சம் மங்கலா இருக்கே. சிம்பல் ஒடஞ்ச மாதிரி கேக்குது."

அவர் சட்டென்று எழுந்தார். அதே இடத்தை மறுபடி போட்டு, இடது பெட்டியின் பக்கத்தில் குனிந்து காதை வைத்தார். அடுக்களையிலிருந்து அவர் மனைவி, "எனக்கு எப்பயும் போலதான கேக்குது" என்றார். "ஒனக்கு இந்தப் பாட்டப் பத்தி என்ன தெரியும்? தம்பி கேக்குற ஆளு" என்று பெரியவர் அவரை அடக்கிவிட்டு, என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ரொம்ப நாளாவே இப்புடி இருந்திருக்குமா தம்பி?"

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். விலை இறங்கப் போகிறது என்ற நினைப்பில், "இன்னைக்கு நேத்து வந்த கோளாறு மாதிரித் தெரியலண்ணே. வாங்குனதுலருந்தே இருக்கும்போல" என்றேன். பெரிய நிபுணன் மாதிரி தலையை வேறு ஆட்டினேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எம்புட்டு பேர உக்கார வச்சு, கேளு கேளுன்னு போட்டுக் காட்டிருக்கேன்" என்றார். பிறகு நிமிர்ந்து, கோளாறு என்று தெரிந்த பொருளை என் தலையில் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பாதி விலைக்குக் கேட்டும் அசையவில்லை. வாசல் வரை வந்து என் கையைப் பிடித்தார். "நல்லவேளை தம்பி, நீங்களாச்சும் உள்ளதச் சொன்னீங்க."

நண்பனிடம் சொன்னதற்கு, "பிகு பண்றாரு மாப்ள. ஒரு வாரம் ஆறப் போடு" என்றான். நானும் ஆறப் போட்டேன்.

பிறகு போன் செய்தபோது அவர் மனைவி எடுத்தார். பெட்டி இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, போர்வையைப் போட்டு மூடிவிட்டார் என்றார். தயங்கித் தயங்கி மற்றதையும் சொன்னார்.

"அவருக்கு ஒரு வருசமா மெல்லிசான சத்தம்லாம் கேக்காது தம்பி. குருவி கத்துறது கேக்காது. பேசுனா கேக்கும், அந்தப் பாட்டுல வர்ற கீச்சு சத்தம் கேக்காது. வயசாயிருச்சு, சரிபண்ண முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான், காது நல்லாருக்குற ஒருத்தர் கையில குடுத்துறலாம்னு நெனச்சாரு. காது போனாலும், கேட்ட வரைக்கும் சுத்தமாக் கேட்டோம்னு ஒரு நெறவு இருந்துச்சு அவருக்கு. இப்ப அதுவும் இல்ல. இத்தன வருசமும் தப்பாத்தான் கேட்டுருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு."

அன்றைக்கு அவர் ஏன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. தனக்குக் கேட்காததை என் முகத்தில் பார்க்க நினைத்திருக்கிறார். நானோ விலைக்காக முகத்தை மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறே ஓடினேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். "அண்ணே, நான் சொன்னது பொய். வெலையக் கொறைக்கத்தான் அப்புடிச் சொன்னேன். பெட்டியில ஒரு கோளாறும் இல்ல. இப்புடி ஒரு சத்தத்த நான் எந்தக் கடையிலயும் கேட்டதில்லண்ணே."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். நானே போர்வையை எடுத்துவிட்டு, போன தடவை கேட்ட பாட்டையே போட்டேன். இரண்டு பெட்டியின் மேலும் கையை வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்றேன். பிடிவாதம் பிடிக்கும் பிள்ளைக்கு இணங்குவது போல வைத்துப் பார்த்தார்.

"அடி தெரியுது தம்பி. அடி எனக்குக் காதுலயே கேக்குது. நீங்க கொற சொன்னது மேல் சத்தத்ததான? அது கைக்கு எங்க தெரியும்?"

கேட்ட விலைக்கு மேலேயே தருகிறேன், எனக்கே கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் சிரித்தார்.

"போன்ல வீட்ல எல்லாத்தையும் சொல்லிட்டாங்கன்னு தெரியும். அதான் ஓடி வந்திருக்கீங்க. அன்னைக்கு எங்காது விசயம் ஒங்களுக்குத் தெரியாது. அப்ப சொன்னதுதான் உள்ளது. இன்னைக்குச் சொல்றது ஒங்க நல்ல மனசு."

சத்தியம் பண்ணினேன். அதையும் நல்ல மனசின் கணக்கிலேயே வைத்துவிட்டார். அடுக்களை வாசலில் நின்ற அவர் மனைவியை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை. நான் சொன்னது பொய் என்று முதல் நாளே அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அவருக்குத்தான் காது நன்றாகக் கேட்குமே. ஆனாலும் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். அதைக் குடித்து முடிப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பெரியவர் அந்தப் பெட்டிகளை எனக்கு விற்கவில்லை. நான் பிறகு கடையில் ஒரு சிறிய ஜோடி வாங்கினேன். கடைக்காரர் என் பாட்டைப் போட்டதும், விலை பேசுவதற்கு முன்பே, "ரொம்ப நல்லாருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னேன். கூட வந்திருந்த மனைவி இடுப்பில் இடித்தாள். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இப்போதெல்லாம் எதை வாங்கப் போனாலும் நல்லதை நல்லது என்றே சொல்லிவிடுகிறேன், ஆனால் அப்படிச் சொல்ல வேண்டிய ஒரே வீட்டில் இனி நான் என்ன சொன்னாலும் அது ஆறுதலாகத்தான் கேட்கும்.