கரி நோட்டின் திங்கட்கிழமைகள்

என் அக்கா வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடமாக உலைக்காரர். இரும்பை உருக்கி பம்புக்கு உடல் வார்க்கிற தொழிற்சாலை எங்களுடையது. அங்கே வெளிநாட்டுக்குப் போகிற சரக்கைப் பெட்டி கட்டுவது என் வேலை. உலையின் நிறத்தைப் பார்த்தே மச்சான் சூட்டைச் சொல்லிவிடுவார் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘டிகிரி’. ஆனால் பேனா பிடிப்பதென்றால் மனுஷனுக்கு வேப்பங்காய்.

உலைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கும். அன்றன்று எவ்வளவு கரி எரித்தோம் என்று அதில் எழுத வேண்டும். இவர் திங்கட்கிழமை சாயங்காலமே வாரம் முழுவதற்கும் எழுதி முடித்துவிடுவார். ஒன்பது டன், பதினொன்று, பன்னிரண்டு, நடுவில் அழகுக்கு ஒரு பத்தரை. “இதை எவன்டா படிக்கப் போறான்?” என்பார். வாஸ்தவம்தான், அதுவரை ஒருவரும் படித்ததில்லை.

இந்த வருடம் படிக்க ஆள் வந்தது. சரக்கு வாங்குகிற நாட்டில் புதுச் சட்டமாம். ஒரு டன் இரும்புக்கு எவ்வளவு புகை விட்டோம் என்று ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இருப்பதிலேயே மோசமான உலையின் புகையை நம் தலையில் கட்டி, அதற்குத் தக்க வரி போடுவார்கள். வரி ஏறினால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும். எங்களிடம் இருந்த ஆதாரம் அந்த நோட்டு ஒன்றுதான். வியாழக்கிழமை ஆய்வாளர் வருகிறார் என்று மேலாளர் அறிவிப்பு ஒட்டினார்.

சாப்பாட்டு நேரத்தில் மச்சான் என்னைப் பெட்டிகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“போன வருஷம் உலைக்குள்ள செங்கல் பெயர்ந்து, செவ்வாய்லேர்ந்து அஞ்சு நாள் அணைச்சு வெச்சிருந்தோமே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“நோட்டுல அந்த அஞ்சு நாளும் கரி எரிஞ்சிருக்கு.”

எனக்குக் கோபம் வந்தது.

“உங்க புத்தி எங்க மேயப் போச்சு மச்சான்? ஒரு கோடு போட்டு அடிச்சிருக்கக் கூடாதா?”

“மறந்துட்டேன். இப்ப ஒத்துக்கிட்டா என் சீட்டு கிழியும். அவங்களா கண்டுபிடிச்சா அறுபது பேர் சீட்டும் கிழியும். உங்க அக்காகிட்ட மூச்சு விடாதே.”

வியாழனன்று ஆய்வாளரம்மா உலைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அதட்டல் உருட்டல் எதுவும் இல்லை. பழுது பார்த்த ரசீதுகளை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, நோட்டை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். மச்சான் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். அது உலை அணைந்திருந்த வாரத்தை நெருங்கியது.

“மேடம், அடுத்த பக்கம் பொய்,” என்றார் மச்சான்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். “அடுத்த பக்கம் மட்டுமா?”

“திங்கட்கிழமையைத் தவிர எல்லாமே.”

நோட்டு செல்லாது என்று ஆனது. கரி போகிற பெல்ட்டில் தானாக எடை போடும் மீட்டரைப் பொருத்தினார்கள். மூன்று மாதம் அது காட்டுகிற அளவைப் பார்த்துத்தான் ஆர்டரும் எங்கள் பிழைப்பும். மச்சானை அதுவரை வைத்திருப்பார்களாம்.

முதல் வாரம் மீட்டர் ஒரு நாளும் ஒன்பதரை டன்னைத் தாண்டவில்லை. இத்தனை வருடம் இல்லாத புகையைத் தன் கையாலேயே எழுதியிருக்கிறார் இந்தப் புண்ணியவான். நான் வயிறெரிந்து திட்டினேன்.

மீட்டர் இருந்தாலும் நோட்டும் இருக்கட்டும் என்றார் மேலாளர். அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் மச்சான் மீட்டரை மூன்று தடவை பார்த்துவிட்டு அன்றைய கட்டத்தை மட்டும் நிரப்பினார். நோட்டை மூடாமல் நின்றுகொண்டே இருந்தார்.

“என்ன மச்சான், எழுதியாச்சில்ல?”

அவர் செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் விரலை வைத்தார்.

“இது காலியா இருக்கறதைப் பார்த்தாலே பயமா இருக்குடா,” என்றார்.