பங்களாவில் பழகிய இங்கிலீஷ்

எழுபதுகளில் ஒரு நாள் காலை, செமோர் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து அம்மாவும் நானும் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தோம். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிட்டுவந்த அப்பா, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் இடத்திலேயே மயங்கி விழுந்து, அந்த மாதத்தில் மூன்றாவது முறையாக வார்டில் கிடந்தார். புதிதாக வந்த வெளிநாட்டு டாக்டருக்குத் தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. அதனால்தான் என்னைப் பள்ளிக்கூடம் போகவிடாமல் அம்மா இழுத்து வந்தார். வகுப்பில் இங்கிலீஷில் நான்தான் முதல். அந்தத் திமிர் வேறு.

அப்பா தினமும் என்னென்ன சாப்பிடுகிறார் என்று டாக்டர் இங்கிலீஷில் கேட்டார். மாத்திரையைக் கூட்டலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னார். கடற்கரைச் சுற்றுலாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவேன். பெற்ற அப்பாவின் சாப்பாட்டைச் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மார்னிங் டேப்லட் ஹி டேக், சார். பிரேக்ஃபாஸ்ட் ஹி டோன்ட் டேக். பிளாக் காபி ஒன்லி. நோ ஷுகர், நோ மில்க், நோ பிஸ்கட். லஞ்ச், டூ ஓ கிளாக்."

வாயைப் பிளந்து பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா வெள்ளைக்காரத் துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர் என்பது தெரியும். ஆனால் வீட்டில் ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசியதில்லை. டாக்டர் என்னை விட்டுவிட்டு அவரிடமே கேட்க ஆரம்பித்தார். எவ்வளவு சோறு, என்ன குடிப்பார், கள் உண்டா? ஒவ்வொன்றுக்கும் அம்மா மேசையில் தட்டு வைக்கிற நிதானத்தோடு பதில் சொன்னார். ஐயோ, என் அம்மாவா இது!

மாத்திரையைக் கூட்டச் சொல்லிச் சீட்டில் எழுதியிருந்ததை டாக்டர் அடித்தார். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதால்தான் மயக்கம், கூட்டியிருந்தால் ஆளே போயிருப்பார் என்றார். அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

கிளம்பும்போது டாக்டர் அம்மாவைப் பார்த்து, "அண்ட் யூ? ஹேவ் யூ ஈட்டன்?" என்றார்.

அம்மா விழித்தார். என் பக்கம் திரும்பி, "என்னா கேக்குறாரு?" என்றார். பங்களாவில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது.

"நீ சாப்டியான்னு கேக்குறாரும்மா."

முதல் நாள் மத்தியானத்திலிருந்து அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"சாப்டாச்சுன்னு சொல்லுலா."

"ஷி ஹேஸ் ஈட்டன், டாக்டர்," என்றேன். அன்றைக்கு நான் பேசிய இங்கிலீஷ் அவ்வளவுதான்.