கசத்தின் கரையில் ஒரு கை

ஐப்பசி ஈரத்தில் எனாமல் பெயின்ட் சீக்கிரம் காயாது. சித்தப்பா வரைந்த பலகை எங்கள் வீட்டுக் கூடத்தில் சாய்ந்து நின்ற நாட்களில் சாம்பாரில்கூட டர்பன்டைன் வாடை அடித்தது. அது எந்த வருடம் என்று அண்மையில் உறவினர் மூவரைக் கேட்டேன். மூவரும் வெவ்வேறு வருடம் சொன்னார்கள். நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன், காவிரியில் துலா ஸ்நானம் செய்ய வெளியூர் வேன்கள் வரத் தொடங்கியிருந்தன என்பது மட்டும் உறுதி.

எங்கள் ஊர் குத்தாலத்துக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில். மதகைத் தாண்டி விழும் தண்ணீர் குடைந்த பள்ளத்தைக் "கசம்" என்போம். அதை ஒட்டியே பழைய படித்துறை. குளிக்கக் கூடாது என்று எழுதிய பலகை ஒன்று அங்கே இருந்தது. திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்குப் போகிற வேற்று மாநிலத்தாருக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆகவே ஊர்த்தலைவர், கடைப் பலகைகளும் கோயில் சுவர்களும் தீட்டிவந்த சித்தப்பாவைக் கூப்பிட்டு, "எழுத்தே வேணாம்ப்பா, ஒரு கையப் போடு. நில்லுன்னா எந்த ஊர்க்காரனுக்கும் நில்லுதான்" என்றார்.

"போலீஸ்காரன் கையவா காவேரிக் கரையில வைக்கிறது?" என்று முனகிய சித்தப்பா, நீண்ட விரல்களும் நுனியில் மருதாணிச் சிவப்புமாக, உள்ளே விளக்கு எரிவதுபோல் ஒரு உள்ளங்கையை வரைந்தார்.

"என்ன தம்பி, ரேகையெல்லாம் போட்டிருக்கீங்க? ஜோசியமா பாக்கப் போறாங்க?" என்று அம்மா சிரித்தாள்.

பலகை நட்ட முதல் வெள்ளிக்கிழமையே யாரோ அதற்குக் குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பமும் சாத்தியிருந்தார்கள். சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா மட்டும், "பூ வச்சுட்டாங்கன்னா புரியலன்னு அர்த்தம்டா. குறுக்கால ஒரு செவப்புக் கோடு இழு" என்றார்.

"கை மேல கோடா? நல்லாருக்குமாண்ணே? இந்த மாசம் போகட்டும்."

மாதம் முடியும் முன்பே அந்த வேன் வந்தது. இறங்கியவர்களில் ஒரு பெரியவர் பலகையின் முன் நின்று கைகூப்பி, அந்த உள்ளங்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படியிறங்கினார். கத்தல் கேட்டு ஓடிப்போய்க் கசத்தில் குதித்தவர்களில் சித்தப்பாவும் ஒருவர். பெரியவரைக் கரை சேர்த்தபோது உயிர் இல்லை. அவர் மனைவி அழவில்லை. பலகையைக் காட்டிக் காட்டித் தன் மொழியில் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார். வேன் டிரைவர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பயப்படாதேன்னு சாமி கை காட்டுச்சே, அப்புறம் ஏன்னு கேக்குறாங்க."

சித்தப்பா ஈர வேட்டியோடு பலகையைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தார். அது மூழ்காமல், கை வானத்தைப் பார்த்தபடி, கிழக்கே மிதந்து போனது.

பிறகு அங்கே மண்டையோடு வரைந்த பலகை ஒன்று வந்தது. அழகென்று அதை யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் வெளியூர்க்காரர் ஒருவர் அதன் கீழே நின்று அண்ணாந்து, "கரண்ட் கம்பி எங்கங்க போவுது?" என்று கேட்டதை நானே கேட்டேன். மொழியே மறைந்துபோன பிற்கால மனிதருக்கு "இங்கே வராதே" என்று எந்தப் படத்தால் சொல்வது என்று அணுக்கழிவைப் புதைப்பவர்கள் யோசிப்பதைப் பல வருடம் கழித்துப் படித்தபோது, இந்தப் படித்துறைதான் கண்முன் வந்தது.

சித்தப்பா அதன்பின் கை வரையவில்லை. வளையல் கடைப் பலகைக்குக்கூட வளையல்களை அந்தரத்தில் தொங்கவிட்டார். அவரும் இல்லை, படித்துறையும் இல்லை. கம்பி வேலியில் இப்போது சிவப்பு வட்டம், அதற்குள் நீந்தும் உருவம், குறுக்கே ஒரு கோடு. அதற்கு யாரும் பூ வைப்பதில்லை.

எனக்குத்தான் இன்னும் பழக்கம் போகவில்லை. சன்னதியில் கற்பூர வெளிச்சம் ஏறி சாமியின் அபயக் கை துலங்கும்போது என் கால் தானாக ஓரடி பின்வாங்குகிறது.

"முன்னால போங்க, ஏன் நின்னுட்டீங்க?" என்கிறார்கள் பின்னால் இருப்பவர்கள்.