செவலைப் பசுவின் பதிவேடு

செஞ்சி, காலை ஏழு மணி. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பால் அடிப்பிடித்துவிட்டது. அந்தத் தீய்ந்த வாடை வந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அப்பா வீட்டைவிட்டுப் போன காலையில் அம்மா அடுப்பில் பாலை மறந்திருந்தாள். இத்தனை வயதுக்குப் பிறகும், பால் தீய்ந்தால் யாரோ கிளம்புகிறார்கள் என்றே நினைக்கிறது மனம்.

திண்டிவனத்திலிருந்து பதினேழு மைல், முதல் பஸ். வெயில் ஏறுமுன் ராஜகிரிக் கோட்டை ஏறிவிட எண்ணம்.

"சார், சட்டையில பேனா வெச்சிருக்கீங்க. படிப்பீங்கதான?"

கேட்டவர் பச்சையம்மாள். கூலி வேலை, சொத்தென்று ஒரு செவலைப் பசு. அவர் ஊர்ப் பண்ணைக்காரர் கறவை மாட்டு மானியத்துக்கு எழுதிப்போட்டிருந்தார். கொட்டகையில் ஐந்து மாடு நிற்க வேண்டும், நின்றவை நான்கு. அதிகாரி பார்வையிட வரும் காலையில் குறைகிற மாட்டை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிக் கட்டுவது அங்கே வழக்கம்.

"கல்யாணத்துக்கு அண்டா குடுக்கறதில்லையா, அந்த மாரிதான் சார் குடுத்தேன். ஒரு கட்டு வைக்கோலும் தந்தாரு. வந்த அதிகாரி காதுல சர்க்கார் வில்லை அடிச்சிட்டுப் போய்ட்டாரு, இப்ப என் மாடுன்றாரு பண்ணக்காரரு."

"பதிவேட்டில் பார்த்தால் தெரியுமே?"

"மூணு வாட்டி போய்ட்டேன். காட்ட மாட்றாங்க. எங்கயோ வாங்கினேன்னு பொய் எழுதியிருப்பாரு சார். அத வெளிய படிச்சாப் போதும். என் வூட்ல பொறந்த மாடு, ஊருக்கே தெரியும்."

கோட்டை பல நூறு வருடம் காத்திருக்கிறது. இன்னொரு நாளும் இருக்கும். இருபத்தைந்து பைசா டிக்கெட், ஆறு மைல். பதிவேடு வைத்திருந்த அலுவலகத்து ஊரின் பெயரை எழுதப்போவதில்லை.

பத்தரை மணி.

"இன்னாம்மா, திரும்ப வந்துட்டியா? அது பப்ளிக் பாக்கறதில்ல" என்ற குமாஸ்தா என்னைப் பார்த்தார். "சார் பத்திரிகையா?"

நான் இல்லை என்று சொல்லவில்லை. துண்டால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மூன்று முறை நடந்துவந்த கால்களுக்குத் திறக்காத பதிவேட்டுக் கட்டு, ஒரு பேனாவுக்குத் திறந்தது.

சத்தமாகப் படித்தேன். "செவலைப் பசு. நெற்றியில் இரட்டைச் சுழி. இடக்கொம்பு நுனி முறிவு."

"அவதான் சார். அவளேதான்."

அடுத்த வரியில் நின்றேன்.

"படிங்க சார்."

"விலைக்கு விற்றவர், பச்சையம்மாள். கைநாட்டு."

மையில் பதிந்த ரேகை தெளிவாக இருந்தது, குறுக்கே ஓடிய அரிவாள் தழும்புகூட. பச்சையம்மாள் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார்.

"மாட்டத் திருப்பித் தர்றதுக்குச் சீட்டுன்னுதான வெக்கச் சொன்னாரு."

"எல்லாம் சரியாத்தான இருக்குது" என்று குமாஸ்தா கட்டைக் கயிற்றால் முடிந்தார்.

பகல் மூன்று மணி, மறுபடி செஞ்சி. யாரோ கொட்டிவிட்டு அள்ள மறந்ததுபோல மலையெங்கும் பாறைகள். ராஜகிரி ஏறவில்லை. எங்கள் ஊரில் மேடை போட்டுப் பேசியிருக்கிறேன்: கணக்கைத் திறந்து காட்டுங்கள், நியாயம் தானே நடந்து வரும் என்று. இன்று திறந்தார்கள். பொய் அழகான கையெழுத்தில் உட்கார்ந்திருந்தது. அதற்குக் குரல் கொடுத்தவன் நான்.

என் பஸ் உறுமியது. பச்சையம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.

"சார், அந்தப் பேப்பர்ல அவ போட்ட கன்னுக்குட்டி இருக்குதா?"

"இல்லம்மா."

கம்பியை விட்டார்.

"அப்ப அது என் வூட்ல இருக்குதுன்னு யாருக்கும் சொல்லாதீங்க சார்."